‘பாவம், ஏமாந்துட்டா’ என்று சொல்லிவிட முடியுமா? 1955இன் ‘சம்மர்டைம்’ ஏன் இன்னும் பார்க்க வேண்டிய படம்?

டேவிட் லீன் என்றதும் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வின் பாலைவனம் ஞாபகத்துக்கு வரும். இல்லாவிட்டால் இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் பாலம். அந்தப் பாலத்துக்கு இரண்டு வருடம் முன்னால், 1955இல், அவர் இயக்கிய 100 நிமிடக் காதல் படம் ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பெயர் ‘சம்மர்டைம்’. பிரிட்டனில் ‘சம்மர் மேட்னஸ்’ என்று வெளியிட்டார்கள். கோடைப் பைத்தியம்! படம் தொடங்கும் முன்பே நாயகிக்குத் தீர்ப்பு எழுதிய மாதிரி ஒரு தலைப்பு. இத்தனைக்கும் தன் படங்களில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று லீனே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் செயலாளராக வேலை பார்க்கும் ஜேன் ஹட்சன், பல வருடம் சேர்த்த காசில் கோடை விடுமுறைக்கு வெனிஸ் வருகிறாள். திருமணமாகாதவள், இளமையைத் தாண்டியவள். அங்கே பழம்பொருள் கடை வைத்திருக்கும் ரெனாட்டோவைச் சந்திக்கிறாள். காதல் வருகிறது. அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. கடைசியில் அவள் ஊர் திரும்புகிறாள்.

இப்படிச் சொன்னால் ‘வெளியூர்ல போய் ஏமாந்துட்டா’ என்று முடித்துவிடத் தோன்றும். படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் படத்தில் நடப்பது அது இல்லை.

சான் மார்கோ சதுக்கத்து காபிக் கடைக் காட்சியைப் பார்க்கணும். ஜேன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சுற்றியுள்ள மேஜைகளில் எல்லாம் ஜோடி ஜோடியாக ஆட்கள். தூரத்தில் ரெனாட்டோ வருவது தெரிகிறது. உடனே எதிர் நாற்காலியை மேஜைமேல் சாய்த்து வைத்து, யாரோ வரப்போவது போல ஜோடனை செய்கிறாள். தனியாக வந்தவள் என்று அவன் நினைத்துவிடக் கூடாதாம். வந்தவன் நாற்காலியைப் பார்க்கிறான், வேறு யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் முகம் விழுவதைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கு எதிரி அந்த ஆள் இல்லை, தனியாக இருப்பது அவமானம் என்று அவளுக்குள் ஊறிப்போன பயம்தான் என்று ஒரு நாற்காலியை வைத்தே லீன் காட்டிவிடுகிறார்.

கேத்தரின் ஹெப்பர்னுக்கு 1954 கோடையில், படப்பிடிப்பு நடந்தபோது, வயது 47. கையில் எப்போதும் ஒரு மூவி கேமரா. கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருப்பாள் ஜேன், எதிலும் இறங்க மாட்டாள். ரெனாட்டோவின் கடையைப் படம் பிடிக்கப் பின்னால் பின்னால் நகர்ந்து கால்வாயில் விழுகிற காட்சி பிரபலம். டூப் இல்லாமல் ஹெப்பர்னே அந்த அழுக்குத் தண்ணீரில் விழுந்தார். அதில் வந்த கண் தொற்று வாழ்நாள் முழுக்க விடவில்லை.

மனைவி இருப்பவன் நல்லவனா?

ரெனாட்டோவாக நடித்த ரொஸானோ பிராஸியைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அவன் ஜேனுக்கு 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று ஒரு சிவப்புக் கண்ணாடிக் கோப்பையை விற்கிறான். பக்கத்து அறை அமெரிக்கத் தம்பதி முரானோ தீவிலிருந்து அதே மாதிரிப் புதுக் கோப்பைகளை செட்டாக வாங்கி வந்து காட்டும்போது ஜேனோடு சேர்ந்து நமக்கும் பகீர் என்கிறது. வெனிஸில் ஒரே வடிவத்தை நூற்றாண்டுக் கணக்கில் செய்கிறார்கள், உன்னுடையது பழையதுதான் என்கிறான் அவன். உண்மையா, பொய்யா? படம் கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை.

மனைவியைப் பிரிந்து வாழ்கிறேன் என்று அவன் சொல்வதும் அதே ரகம்தான். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்ததே 1970 டிசம்பரில்தான். அதையும் ரத்து செய்யச் சொல்லி 1974இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். ஆக, 1954இல் மணவாழ்க்கை முறிந்த ஒரு இத்தாலியன், அந்தத் திருமணமே செல்லாது என்று திருச்சபை அறிவித்தால் ஒழிய, பிரிந்து வாழலாமே தவிர மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வழி கிடையாது. ரெனாட்டோவைப் புனிதனாக்க இது போதாது. விஷயத்தை மறைத்தது மறைத்ததுதான். பசித்தவள் கிடைத்ததைச் சாப்பிடணும் என்கிற மாதிரி அவன் பேசும் வாதம் இன்றைக்குக் கேட்டால் காதலாகத் தெரியவில்லை, நெருக்கடியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் ‘மனைவியை விட்டுட்டு இவளைக் கட்டிக்க வேண்டியதுதானே’ என்ற கேள்விக்கு அந்த நாட்டில் அன்று பதில் இல்லை.

ஹாலிவுட்டின் தணிக்கை அமைப்புக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. திருமணத்துக்கு வெளியிலான உறவு என்று ஆட்சேபித்தது. கொஞ்சம் ஃபிலிமை வெட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. இருவரும் சேரும் இரவை வானவேடிக்கையாகக் காட்டி நகர்ந்துவிடுகிறார் லீன். உண்மையில் உறுத்தியிருக்க வேண்டியது வேறு. அந்தக் காலத்துப் படங்களில் இப்படிக் காதலிக்கும் பெண் செத்துப்போவாள், இல்லாவிட்டால் அழுது திருந்துவாள். லீனே 1945இல் எடுத்த ‘ப்ரீஃப் என்கவுன்டர்’ நாயகி கணவனிடம் திரும்பிவிடுவாள். ஜேனுக்குத் தண்டனையும் இல்லை, மன்னிப்பு கேட்கிற காட்சியும் இல்லை. ஹெப்பர்னுக்கும் லீனுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது இருவருக்குமே கிடைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. புறாக்கள், கோபுரம், படகு என்று சில இடங்களில் சுற்றுலாத் துறை விளம்பரம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சக அமெரிக்கப் பயணிகள் வெறும் கேலிச்சித்திரங்கள்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். படம் வந்து 70 வருடமாச்சு, இருந்தாலும்.)

அவளை யாரும் துரத்தவில்லை. ரெனாட்டோ இருக்கச் சொல்லித்தான் கெஞ்சுகிறான். எந்த விருந்திலிருந்தும் எப்போது எழுந்து போவது என்று தெரியாமல் வாழ்நாள் முழுக்கக் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தேன், இப்போது தெரிகிறது என்கிறாள் ஜேன். தேதியைக் குறித்து, டிக்கெட் எடுத்து, ஸ்டேஷனுக்கு வராதே என்றும் சொல்லிவிடுகிறாள். வருவான் என்று எதிர்பார்க்கவும் செய்கிறாள். அவன் ஓடி வருகிறான். ரயில் நகர்ந்துவிட்டது, கையிலிருக்கும் பெட்டியைக் கொடுக்க எட்டவில்லை. அதைத் திறந்து தூக்கிக் காட்டுகிறான். உள்ளே ஒரு கார்டீனியா, முதல் முறை வெளியே போனபோது அவள் ஆசைப்பட்டு வாங்கி, பாலத்திலிருந்து தவறிக் கால்வாயில் விழுந்த அதே வெள்ளைப் பூ. அன்றைக்கும் அவன் கைக்கு அது எட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையசைத்துக்கொண்டே போகிற ஹெப்பர்னின் முகத்தில் ஏமாந்தவளின் சாயல் துளியும் இல்லை.