குத்தகைக் காணியில் எழுந்த மாளிகை

குத்தகைத் தவணை முடியும் நாள் நெருங்கும்போது காணிக்கு எரு இட எந்த உழவனும் தயங்குவான். ஒரு நாட்டின் வாணிபமும் அவ்வாறே தயங்கும் என்பதை உலகுக்கு உணர்த்தியது ஹொங்கொங்.

1842இல் ஹொங்கொங் தீவையும் 1860இல் கௌலூன் முனையையும் சீனாவிடமிருந்து நிரந்தரமாகப் பெற்ற பிரித்தானியா, நிலப்பரப்பின் பெரும்பகுதியான புதிய பிரதேசங்களை 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கே பெற்றது. அக்காணியிலேதான் மாளிகை எழுந்தது. கொரிய யுத்தத்தையொட்டி 1951இல் விதிக்கப்பட்ட வாணிபத் தடையால் சீனாவுடனான வியாபாரம் முடங்கியபோது, ஷங்ஹாயிலிருந்து வந்த முதலாளிகளும் அகதிகளாக வந்த தொழிலாளரும் ஆலைகளை எழுப்பினர். 1961 முதல் 1971 வரை நிதிச் செயலாளராயிருந்த சேர் ஜோன் கௌப்பர்த்வெயிற், வரியைக் குறைவாக வைத்து, வணிகத்தில் தலையிட மறுத்தார்.

அரசு கைகட்டி நின்றமையே செல்வத்தின் இரகசியம் என்பார் உளர். அது பாதி உண்மையே. நிலம் அனைத்தும் ஏறக்குறைய முடிக்குரியதாகவே இருந்தது. அதனைக் குத்தகைக்கு விட்டே அரசு பெரும் வருமானம் ஈட்டியது. 1953இல் ஷெக் கிப் மெய் குடிசைகள் தீக்கிரையானபின், அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டத் தொடங்கியது. நாளடைவில் மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அரசின் உதவியுடன் அமைந்த வீடுகளில் வாழ்ந்தனர்.

ஆனால், 1997க்குப் பின் எவன் சொல் செல்லும்? இவ்வினாவைத் தேசாதிபதி மக்லிஹோஸ் 1979இல் பெய்ஜிங்கில் எழுப்பினார். 1982இல் பிரதமர் தட்சர் அங்கு சென்றார். பேச்சுவார்த்தை இழுபட்டபோது, 1983 செப்டெம்பரில் ஹொங்கொங் டொலர் சரிந்தது. மக்கள் கடைகளில் உணவுப் பொருட்களை அள்ளிச் சென்றனர். தலையிடேன் என்ற அரசே ஒக்டோபரில் ஓர் அமெரிக்க டொலருக்கு 7.80 என விலையைக் கட்டி நிறுத்தியது. வாக்குரிமையற்ற மக்களின் அச்சம் நாணயச் சந்தையிலே வாக்களித்தது எனலாம்.

1984 டிசெம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சுதந்திரத் துறைமுகம், தனி நாணயம், தனிச் சட்டமுறை, வாழ்க்கைமுறை யாவும் ஐம்பது ஆண்டுகள் மாறா என்றது அது. 1997 வரை அரசு ஆண்டொன்றுக்கு ஐம்பது ஹெக்ரேயருக்கு மேல் காணி வழங்கலாகாது என்றுகூட அதில் வரையறுக்கப்பட்டது. காணிக்கு இத்துணைக் கணக்குப் பார்த்தவர்கள், அக்காணியில் வாழ்ந்த ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குப் பேச்சு மேசையில் ஓர் ஆசனமும் அளிக்கவில்லை. 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் குருதி சிந்தியபின், ஆயிரமாயிரம் குடும்பங்கள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டன.

1997 யூலை முதலாந் திகதி கொடி மாறியது. டொலர் இன்றும் 7.80ஐ ஒட்டியே நிற்கிறது. சுதந்திரமோ அவ்வாறு நிற்கவில்லை. 2020இல் பாதுகாப்புச் சட்டம் பெய்ஜிங்கிலேயே இயற்றப்பட்டு ஹொங்கொங் மீது சுமத்தப்பட்டது. 2021இல் சட்டசபையின் 90 ஆசனங்களுள் மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வன 20 ஆகக் குறுகின.

பணத்துக்கு அளித்த உறுதி காக்கப்பட்டது. மக்களுக்கு அளித்த உறுதி காக்கப்படவில்லை. ஏன்? முன்னதைக் காப்பது இரு தலைநகரங்களுக்கும் இலாபம். பின்னதைக் காக்க மக்கள் கையில் அதிகாரம் இல்லை. செல்வம் சேர்த்தால் உரிமை தானே வந்து சேரும் என்று நம்புவோர் இப்பாடத்தை ஊன்றிப் படிப்பாராக.