மில் போனதால் மட்டும் மதுரை பின்தங்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

மதுரையைப் "பெரிய கிராமம்" என்று கிண்டல் செய்வது நம் பிள்ளைகளுக்கே பழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் தீபாவளிக்கு வாடிப்பட்டி வந்தால், "சார், நம்ம பக்கம் என்ன சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு காலத்தில் இங்கே எல்லாம் இருந்தது. அது ஏன் போனது என்று சரியாகத் தெரிந்தால்தான், எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று தெரியும்.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்களின் பஞ்சாலை 1892-ல் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1895-ல், பெரியாறு அணைத் தண்ணீர் நம் வயலுக்கு வந்தது. பிறகு கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில்லைத் தொடங்கினார். இன்னும் பல மில்கள் வந்தன. ஊர் மில் சங்கைக் கேட்டு எழுந்தது. திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஹார்விப்பட்டி என்று ஓர் ஊரே மில் தொழிலாளர்களுக்காக உருவானது. "மாப்பிள்ளை மில்லில் பெர்மனென்ட்" என்றால் பெண் வீட்டார் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

மில் பணம் மில்லோடு நிற்கவில்லை. கருமுத்து தியாகராசர் 1943-ல் பேங்க் ஆஃப் மதுராவையும், 1949-ல் தியாகராசர் கல்லூரியையும், 1957-ல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே பலர் இருப்பீர்கள். கல்லூரிகள் நிலைத்தன. வங்கி 2001-ல் ஐசிஐசிஐ-யோடு இணைந்து, மதுரை என்ற பெயரும் அதோடு போனது.

மில்லைப் பற்றிப் பொற்காலக் கதை சொல்ல நான் வரவில்லை. பஞ்சுத் தூசியில் நுரையீரலைத் தொலைத்தவர்கள் உண்டு. வருஷக்கணக்கில் பதிலித் தொழிலாளியாகவே கேட்டுக்கு வெளியே காத்து நின்றவர்களும் உண்டு. இருந்தாலும் பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ், சங்கம் என்று ஒரு பிடிமானம் இருந்தது. தகப்பன் ரிங் ஃபிரேமில் நின்றான், மகன் டிகிரி வாங்கினான். இரண்டே தலைமுறையில் ஒரு குடும்பம் மேலே வர அது ஏணியாக இருந்தது.

"துணிக்கு மவுசு போனது, மில்லும் போனது" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. நூற்பு தமிழ்நாட்டில் சாகவில்லை. இந்தியாவிலேயே அதிக நூற்பாலைகள் நம் மாநிலத்தில்தான் இன்றும் இருக்கின்றன. வாடிப்பட்டியிலிருந்து வடக்கே போய்ப் பாருங்கள். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் வரிசையாக மில்கள் ஓடுகின்றன. கிராமம் கிராமமாக வேன் அனுப்பி ஆள் ஏற்றுகிறார்கள். வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பலர் மில் விடுதியிலேயே தங்குகிறார்கள். "கல்யாணத்துக்குக் காசு சேரும்" என்று சொல்லி மூன்று வருஷ ஒப்பந்தத்தில் பெண் பிள்ளைகளை எடுத்த "சுமங்கலித் திட்டம்" எவ்வளவு கெட்ட பெயர் வாங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, நூல் நின்றுவிடவில்லை. நகரத்திலிருந்த நிரந்தர வேலைதான் நின்றது. பழைய இயந்திரத்தைப் புதுப்பிக்காமல் விட்ட மில், சம்பளமும் சங்கமும் குறைவாக இருந்த இடத்தில் புது இயந்திரம் போட்ட மில்லோடு போட்டி போட முடியவில்லை.

சரி, கோயம்புத்தூரிலும் மில்கள் மூடினவே, அந்த ஊர் எப்படி நின்றது? அங்கே ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்துவிட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. அங்குள்ள விவசாயி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது, அதனால் பம்பும் மோட்டாரும் தேவைப்பட்டன. நமக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது! 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடு காலத்தில் மோட்டார் செய்தார்கள். மில் இயந்திரத்தைப் பழுது பார்த்தவன் வெளியே வந்து லேத் போட்டான். லேத் போட்டவன் ஃபவுண்டரி போட்டான். மில் சாத்தினபோது தெருத்தெருவாகப் பட்டறை இருந்தது. தொழில் அறிவு மில் கேட்டைத் தாண்டி ஊருக்குள் இறங்கியிருந்தது.

மதுரையில் நூற்பு அறிவு பெரும்பாலும் கேட்டுக்குள்ளேயே இருந்தது, கேட்டோடு பூட்டப்பட்டது. என் கருத்தில் நம் ஊரின் உண்மையான நஷ்டம் இதுதான்.

நமக்கும் ஓர் உதாரணம் உண்டு, அதை நாம் கவனிப்பதே இல்லை. 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ்ஸைச் சொல்கிறேன். "அவர்கள் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள்" என்று குறைபடுகிறோம். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் இங்கே தொடங்கிய டயர் ரீட்ரேடிங் வேலையிலிருந்து ரப்பர் தொழில் மதுரையில் வேர் பிடித்தது. இன்று வெள்ளரிப்பட்டியில் டயர், கோச்சடையிலும் நிலக்கோட்டையிலும் ஃபென்னர் பெல்ட். கப்பலூர் சிட்கோவிலும் மற்ற இடங்களிலும் ஆயில் சீல், ஓ-ரிங், கேஸ்கெட், புஷ் செய்கிற சின்னப் பட்டறைகள். ரப்பர் காம்பவுண்டு கலக்கத் தெரிந்தவன், மோல்டு வெட்டத் தெரிந்தவன் கம்பெனிக்கு வெளியேயும் இருக்கிறான். அதனால் ஒரு கம்பெனி படுத்தாலும் தொழில் படுக்காது.

உலகத்திலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். காரை மட்டுமே நம்பிய அந்த ஊர் 2013-ல் திவால் மனு போட்டது. 2020 கணக்கெடுப்பில் ஆறரை லட்சம் பேர்கூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் எஃகு ஆலைகள் போனபோது, பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் ஊரைத் தாங்கின.

நம் பக்கத்திலேயே பாருங்கள். அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை சில வருஷமாக அரவை இல்லாமல் நிற்கிறது. அதே அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்கள். எனக்கும் ஜல்லிக்கட்டு பிடிக்கும். ஆனால் கரும்பு விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் தை மாசத்தில் மட்டுமா சாப்பிடுகிறார்கள்? வடபழஞ்சியில் ஐ.டி. கம்பெனி வந்திருக்கிறது, மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் வருகிறது. சந்தோஷம், வரட்டும். பத்தாவதோடு நின்ற பிள்ளைக்கு அங்கே செக்யூரிட்டி வேலையைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

அரசுக்கு ஒரு வார்த்தை. மூடிய ஆலை நிலம் கைமாறும்போது ஒரு பங்கு ஊருக்கு வர வேண்டும். மும்பையில் 1991-ல் அப்படித்தான் விதி போட்டார்கள்: மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது இடத்துக்கு, ஒரு பங்கு ஏழைகள் வீட்டுக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். மில் இருந்த இடங்களில் மாலும் அடுக்குமாடியும் வந்தன. அந்தத் தவறு இங்கே வேண்டாம். அந்த ஒரு பங்கில் சின்னப் பட்டறைகளுக்கு வாடகை ஷெட் கட்டித் தரலாம்.

இனி உங்களுக்கு.

வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே பிளாட் மேல் பிளாட் வாங்குகிற என் மாணவர்களே! பெரியாறு பாசன வயலில் கல் ஊன்றிப் போட்டு வைப்பதால் யாருக்கும் வேலை கிடைக்காது. ஒரு பிளாட் காசில் நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கு லேத்தோ ரப்பர் பிரஸ்ஸோ போட்டுக் கொடுத்துப் பங்காளியாகச் சேருங்கள். லாபம் மெதுவாகத்தான் வரும், ஆனால் நாலு வீட்டில் அடுப்பு எரியும்.

பட்டறை நடத்துகிறவர்களே! வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளை அப்ரென்டிஸாக எடுங்கள். டீ வாங்கி வர அனுப்பாமல் மெஷினைத் தொட விடுங்கள். ஒன்று பெண் பிள்ளையாக இருக்கட்டும்.

உறவினர்களே! "பையன் ஐ.டி.யா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கே.புதூர் ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படித்தவனுக்கும் பெண் கொடுங்கள். கையில் தொழில் இருக்கிறவன் எந்தக் கம்பெனி மூடினாலும் பிழைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் இருக்கிற ஊரும் பிழைத்துக்கொள்ளும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில்தான் கையைத் தூக்கப் பயந்தீர்கள், இப்போதுமா?

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்,
வாடிப்பட்டி.