இடப்பள்ளியும் ‘போகும்’ என்ற வினைமுற்றும்

போக்குவரத்துக் கணினி மாதிரிகளைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் வண்டிகளோடு நின்றுவிடுகின்றன. அவ்வண்டியில் ஒருவர் ஏன் ஏறினார் என்பதை யாரும் கேட்பதில்லை.

இடப்பள்ளியையே எடுத்துக்கொள்வோம். 544, 66 ஆகிய இரு தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் இடம். 2013இல் லுலு மால், 2016இல் மேம்பாலம், 2017இல் மெட்ரோ. இத்தகைய சந்திப்பில் வரிசை எவ்வளவு நீளும், சிக்னல் நேரத்தை எப்படிப் பிரிக்கலாம் என்பதை விஸ்சிம் போன்ற மென்பொருள் காட்டும். அதன் அடிப்படை 1974இல் ஜெர்மனியில் வீடெமான் வகுத்த மாதிரி: தடம் மாறாமல், முன்செல்லும் காரைப் பின்தொடரும் ஓட்டுநர். நம் ஆட்டோக்கள் அப்படி ஓடுவதில்லை. எனினும் சாலையைப் படம்பிடித்து அளந்தால் இக்குறையைத் திருத்திவிடலாம்.

திருத்த அரியது மனிதரின் தெரிவு. ஆலுவா–பேட்டை வழித்தடத்துக்கான 2011ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கை, 2015இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.8 லட்சம் பயணிகளை எதிர்பார்த்தது. வழித்தடம் முடிந்து, பெருந்தொற்றும் ஓய்ந்த 2023இலும் நாள் சராசரி ஒரு லட்சத்துக்கு உட்பட்டே இருந்தது.

இங்கே மொழியியல் மாணவியாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலையாளத்தில் ‘போகும்’ என்பது எதிர்காலத்தையும் குறிக்கும், வழக்கத்தையும் குறிக்கும். தமிழில் ‘பேருந்தில் போவார்’ என்பதும் அப்படியே. ‘மெட்ரோ வந்தால் அதில் போகுமோ?’ என்று கேட்டால் வரும் ‘போகும்’ உறுதியா, ஊகமா, கேட்டவர் மனம் நோகாதிருக்கச் சொன்னதா? படிவத்தில் மூன்றும் ஒரே ‘ஆம்’தான். கொச்சிக் கணிப்பு இதனால்தான் பிழைத்தது என்று நான் வாதிடவில்லை. கட்டணம், இணைப்புப் பேருந்து, கைவசமுள்ள இருசக்கர வண்டி எனக் காரணங்கள் பல. ஆனால் இவையெல்லாம் அந்த ‘ஆம்’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

சான்பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயில் வருமுன் டேனியல் மக்ஃபேடன் வேறு வழியில் சென்றார். மக்கள் உண்மையில் மேற்கொண்ட பயணங்களையும், அவற்றின் நேரத்தையும் செலவையும் கொண்டு தெரிவு மாதிரியைக் கட்டினார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 விழுக்காடு, அவருடையது 6.3, நிகழ்ந்தது 6.2. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வந்ததில் வியப்பில்லை.

இப்போது காக்கநாட்டுக்கு இரண்டாம் கட்டம் எழுகிறது. கணிப்பு எண்ணை மட்டுமன்றி, மக்களிடம் எடுத்துச்சென்ற வினாத்தாளையும் அதன் மலையாள, தமிழ், வங்காள, இந்தி வடிவங்களோடு வெளியிட வேண்டும். ‘நேற்று எதில் வந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்ற இறந்தகால வினா அதில் முதலில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.