இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாளா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் நண்பரிடம் கேட்டார்: "உங்க பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆச்சே சார், இன்னும் படிச்சிட்டேவா இருக்கா?" நண்பர் பதில் சொல்லாமல் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அங்கே வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண் செய்வது படிப்பல்ல, வேலை. பூகம்பம் வந்தால் எந்த மண் எவ்வளவு ஆடும் என்று கணினியில் கணக்குப் போடுகிறாள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்யும் இந்த ஆய்வை 'போஸ்ட் டாக்' என்கிறார்கள்.

"பூகம்பத்தைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாதே, எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்பார்கள். நாளும் நேரமும் சொல்ல முடியாது, உண்மை. ஆனால் ஏரிக்குக் கலங்கல் கட்டியவர்கள் மழை வரும் தேதி தெரிந்தா கட்டினார்கள்? பெருமழை வந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்துக் கட்டினார்கள். இதுவும் அதே கணக்குதான். பூமிக்கடியில் உள்ள பாறையையும் மண்ணையும் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அதிர்வலை ஒவ்வொன்றையும் எப்படிக் கடக்கிறது என்று பார்க்கிறார்கள்.

1985-இல் மெக்சிகோ நகரம் இடிந்தபோது பூகம்பத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நகரத்துக்கு அடியில் இருந்த பழைய ஏரிப்படுகையின் களிமண்தான் ஆட்டத்தைப் பல மடங்காக்கியது. 2001 குடியரசு தினத்தன்று பூஜ் பக்கத்தில் பூமி அதிர்ந்தது. 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் வெறும் தூண்கள்மேல் நின்றவை. உங்கள் ஃப்ளாட்டின் கீழ்த்தளத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நான் அரசுப் பணியில் கட்டட வடிவமைப்பு செய்தவன். விதிப் புத்தகத்தில் உள்ள பூகம்ப மண்டல வரைபடத்தைப் பார்ப்போம். சென்னை இரண்டாம் மண்டலம். அதற்குரிய எண்ணை எடுத்துக் கணக்கை முடிப்போம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். வரைபடத்தில் அது முதல் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைந்த இடம்! 2002-இல் விதியைத் திருத்தினார்கள். முதல் மண்டலமே எடுக்கப்பட்டது. சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. புதிய விதியில் இரண்டாம் மண்டலத்துக்கான எண் 0.10, மூன்றாவதற்கு 0.16.

ஒரே நாளில் வரைபடத்தின் நிறம் மாறியது. நான் கையெழுத்துப் போட்ட கட்டடங்களின் தூண்களில் ஒரு கம்பிகூடக் கூடவில்லை. அவற்றில் இன்றும் ஜனங்கள் இருக்கிறார்கள். நினைத்தால் சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை.

அந்தப் பழைய வரைபடம் பெரும்பாலும் நடந்து முடிந்த பூகம்பங்களை வைத்துப் போட்டது. நடக்காத ஊர் பத்திரமான ஊர் ஆகிவிட்டது. இனி நடக்கக்கூடியதைக் கணக்கிட்டுச் சொல்பவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். இவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? மத்திய அரசின் தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 55,000 ரூபாய், இரண்டே ஆண்டு, வயது வரம்பு 35. முதல் வருஷம் கருவியும் தரவும் கைக்குப் பழகவே சரியாக இருக்கும். கடைசி ஆறு மாதம் அடுத்த இடம் தேடவேண்டும். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நாளில் ஒரு நகரத்தின் மண்ணைப் படித்து முடிக்க முடியுமா? ஆள் போனால் கற்றதும் கூடவே விமானம் ஏறுகிறது. பிறகு "மூளை வெளிநாடு போகுதே" என்று நாமே புலம்புகிறோம்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் 2008-இல், சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 7.8 அளவில் பூகம்பம் வந்தால் எந்த இடம் எப்படி ஆடும் என்று கணினியில் கணக்கிட்டார்கள். அதை வைத்து லட்சக்கணக்கான மக்கள் மேசைக்கடியில் புகுந்து ஒத்திகை பார்த்தார்கள். ஆராய்ச்சி பள்ளிக்கூட மேசை வரைக்கும் போனது. என் பணிக்காலம் முழுவதும் இப்படி ஓர் ஆய்வு முடிவு என் மேசைக்கு வந்ததில்லை.

நான் கேட்பது மூன்றுதான். இந்த ஆய்வுப் பணிகள் ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வரும் பெண்களை வயது வரம்பு காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. கணக்கின் முடிவு, கட்டட அனுமதி கொடுக்கும் மாநகராட்சிப் பொறியாளரின் கையில் போய்ச் சேரவேண்டும்.

கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரியில் ஏறத்தாழ 6 அளவில் பூமி ஆடியது. அன்று அங்கே அடுக்குமாடிகள் இல்லை. இன்று இருக்கின்றன.

அடுத்த பந்தியில் யாராவது அப்படிக் கேட்டால் இந்தமுறை சொல்லிவிடுவேன்: "ஆமாம் சார், நீங்க தூங்குற வீட்டுக்கு அடியில இருக்கிற மண்ணைத்தான் படிச்சிட்டு இருக்கா."