பொங்கல் சீரும் மூணு வட்டியும்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும்,

நியூஜெர்சியிலிருந்து வணக்கம். உங்கள் வீடுகளில் பொங்கல் சீர்ப் பேச்சு தொடங்கும் வாரங்களில்தான், இங்கே வரிக்கணக்கு எழுதித்தரும் கடைகள் பண்டிகைக் கடன் பலகையை வெளியே வைக்கின்றன. இரண்டும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஐ.டி. பிள்ளைகளை விடுங்கள். அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அண்ணனோ அக்காவோ எழுதிப்போட்டு குடும்ப விசாவில் வந்து, பெட்ரோல் பங்கிலும் மோட்டலிலும் மணிக்கூலிக்கு நிற்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி, வருடக் கணக்கு கொடுத்த பிறகு ரிஃபண்டாகத் திரும்பும். சம்பளம் குறைவு, பிள்ளைகள் உண்டு என்றால் 1975 முதல் இருக்கும் ஒரு வரிச்சலுகையும் அதோடு சேரும். சில ஆயிரம் டாலர் மொத்தமாக வரும். கூலிக்காரர் வீட்டில் வருடத்துக்கே அதுதான் பெரிய தொகை.

ஆனால் டிசம்பரில் வராது. வருடச் சம்பளச் சான்றை முதலாளி ஜனவரி 31-க்குள் கொடுத்தால் போதும். தவிர, மோசடியைத் தடுக்கிறோம் என்று 2015-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அந்தச் சலுகையைக் கேட்பவர்களின் ரிஃபண்டைப் பிப்ரவரி 15-க்கு முன் விடக்கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோர் கணக்கு கொடுத்த 21 நாளில் வாங்கிவிட, ஏழைக்கு மட்டும் மாசி பிறந்துவிடுகிறது. கடைக்காரர்கள் கடை விரிப்பது அந்த இடைவெளியில்தான்.

எச் அண்ட் ஆர் பிளாக், ஜாக்சன் ஹியூவிட் மாதிரிப் பெரிய நிறுவனங்கள் வங்கிகளோடு சேர்ந்து தரும் டிசம்பர் கடனுக்கு ஆண்டு வட்டி 36 சதவீதத்தை ஒட்டி வரும். நம்மூர்க் கணக்கில் மூணு வட்டி. ஆயிரம் டாலருக்கு இரண்டரை மாதத்தில் 75 டாலர். ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் வட்டி ஆண்டுக்கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. வரித்துறையும் வங்கிக் கண்காணிப்பாளர்களும் நெருக்கியதில் அந்தப் பழைய கடன்கள் 2012-க்குள் ஒழிந்தன. அதைப் பார்த்தால் இன்றைய வட்டி தேவலைதான்.

என் கவலை வட்டி இல்லை. ஜனவரியில் வட்டியே இல்லாத அட்வான்ஸும் தருகிறார்கள். அதை வாங்க அந்தக் கடையிலேயே கணக்கு எழுத வேண்டும். எழுதுகூலி சில நூறு டாலர் வரை போகும். கையில் காசில்லை என்றால் ரிஃபண்டிலேயே பிடித்துக்கொள்வார்கள், அப்படிப் பிடிப்பதற்குத் தனிக் கட்டணம். கடன், கூலி, கட்டணம் எல்லாம் கழித்த மிச்சம்தான் உழைத்தவன் கைக்கு வரும். பழைய பாக்கிக்காக அரசு ரிஃபண்டில் கை வைத்துவிட்டால், டிசம்பர் கடனின் மீதியை அவன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வாங்கவா நம் ஆட்கள் அந்தப் படியேறுகிறார்கள்? தங்கச்சிக்குத் தலைப்பொங்கல், "டாலர்ல சம்பாதிக்கிறவன் இதுகூடச் செய்ய மாட்டானா" என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு. அவ்வளவு போதும். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தக் கடையின் பலகையைவிட நம் வீட்டு வாட்ஸ்அப் குரலுக்கு வலு அதிகம்.

தலைப்பொங்கலைத் தள்ளிப்போட முடியாது. வெண்கலப் பானையும் கரும்பும் மஞ்சள்கொத்தும் அன்றைக்குப் போகட்டும். நகை, ஃப்ரிட்ஜ் எல்லாம் மாசிக்குப் பிறகு கேளுங்கள்.

அவர்களோடு பேசும்போது இன்னொன்றும் சொல்லுங்கள். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் 15 வரை இங்குள்ள நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும், வரித்துறை சான்று பெற்ற தன்னார்வலர்கள் குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாகக் கணக்கு எழுதித் தருகிறோம். எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைகளில் நான் இருப்பேன். சம்பளச் சான்று, புகைப்பட அடையாள அட்டை, வீட்டில் எல்லாருடைய சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் கையில் இருக்கட்டும். கணவன் மனைவி சேர்ந்து கணக்கு கொடுப்பதானால் இருவரும் வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பிள்ளை