பரணில் தூங்கும் கம்ப்யூட்டருக்குப் புது வேலை!

கல்யாண போட்டோக்கள் அப்பாவின் செல்போனில், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ அம்மாவின் லேப்டாப்பில், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எந்த பென்டிரைவில் என்று யாருக்குமே தெரியாது. இன்று பல வீடுகளில் இதுதான் நிலைமை. ஒரு போன் தொலைந்தால் சில வருட நினைவுகளும் சேர்ந்தே போய்விடும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இதற்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுவதற்குப் பதில், வீட்டுக்கான ஃபைல் சர்வர் ஆக்கிவிடலாம். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போன்களும் லேப்டாப்களும் திறக்கக்கூடிய பொது பீரோ என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன தேவை?

64-பிட் புராசஸரும் 2 ஜிபி ரேமும் இருந்தாலே போதும். மானிட்டரும் கீபோர்டும் முதல்நாள் மட்டும்தான் தேவைப்படும். சிஸ்டத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, ஃபைல்களுக்குத் தனி ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டர் பழசாக இருக்கலாம். ஃபைல்களை வைக்கும் டிஸ்க் புதிதாக இருப்பதே நல்லது. ரூட்டரோடு லேன் கேபிளில் இணைத்தால் வேகம் சீராக இருக்கும்.

எப்படி அமைப்பது?

'ஓப்பன்மீடியாவால்ட்' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் அதை டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' மூலம் பென்டிரைவில் ஏற்றி, பழைய கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். நிறுவும் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே பழைய ஃபைல்களை முதலிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நிறுவியதும் திரையில் தெரியும் ஐபி எண்ணை இன்னொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது. பிறகு பொது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் கணக்கு தொடங்கி, 'எஸ்எம்பி' சேவையை இயக்கினால் சர்வர் தயார். குட்டீஸ்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஐபோனின் 'ஃபைல்ஸ்' ஆப்பிலேயே சர்வரோடு இணையும் வசதி உண்டு. ஆன்ட்ராய்டில் எஸ்எம்பி வசதியுள்ள ஃபைல் மேனேஜர் ஆப் ஒன்று வேண்டும்.

கரன்ட் பில் எகிறுமா?

50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். தினமும் மாலையில் 3 மணி நேரம் மட்டும் ஓடினால் 9 யூனிட்தான். பழைய லேப்டாப் இன்னும் குறைவாகவே இழுக்கும். ஆனால், பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்று ரூட்டரில் எஸ்எம்பி-க்கு இணைய வழி திறந்துவிடக் கூடாது. 2017 மே மாதம் உலகையே கலங்கடித்த 'வான்னாக்ரை' வைரஸ், விண்டோஸின் எஸ்எம்பி ஓட்டை வழியாகத்தான் பரவியது.

அடுத்தது, இதைவிட முக்கியம். சர்வரில் போட்டதோடு ஃபைல் பத்திரமாகிவிடாது. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் பதியும் 'ரெய்டு' முறையிலும், கைதவறி ஒரு போட்டோவை அழித்தால் இரண்டிலுமே அழியும். மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, முடிந்தால் நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். சர்வர், எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டிலும் போட்டோ திறக்கிறதா என்று பார்த்த பிறகே போனிலிருந்து அழிக்க வேண்டும்.