ஒரு வருஷத்துல நர்ஸ் ஆக முடியாது

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரம் போடியில எந்தப் பக்கம் திரும்பினாலும் பிளெக்ஸ். "ஒரே வருடத்தில் நர்சிங்! 100% வேலைவாய்ப்பு!" வெள்ளை யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு சிரிச்சுட்டு நிக்கும். இந்த இழை அந்த பிளெக்ஸைப் பத்தி. கொஞ்சம் நீளம். வீட்ல பிளஸ் 2 முடிச்ச பிள்ளை இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

முதல்லயே சொல்லிடறேன். பிளஸ் 2 முடிச்சு நர்சிங் உள்ள போறதுக்கு மூணே வாசல்தான். ஏ.என்.எம். 2 வருஷம். ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். முடிச்சதும் மாநில நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அந்தப் பதிவு எண் இருந்தாத்தான் நர்ஸ். மெட்ராஸ் மாகாணத்துல இதுக்கு 1926லயே சட்டம் வந்தாச்சு. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு, நம்ம ஊர்ல இன்னும் மாடி ரூம்ல ரெண்டு பொம்மையும் ஒரு பி.பி. மெஷினும் வச்சு "நர்சிங் கல்லூரி" நடத்துறாங்க.

ஒரு வருஷம், ஆறு மாசம்னு உதவியாளர் பயிற்சி இருக்கு. அது தப்பில்ல. நோயாளியைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வச்சு, சாப்பாடு ஊட்டி விடுற வேலை கௌரவமான வேலை. ஆனா அதை "நர்ஸ்"னு பேர் போட்டு விக்கிறது மோசடி. அந்த சர்டிபிகேட்டோட கவுன்சில் வாசல்ல போய் நின்னா பதிவு கிடையாது. பதிவு இல்லைன்னா எம்.ஆர்.பி. மூலமா அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. வெளிநாட்டுக்கும் நர்ஸா போக முடியாது.

இதுல ஏமாறுறது யார்னு பாருங்க. விடியறதுக்கு முன்னாடி ஜீப்ல அடைஞ்சு, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற அம்மா. இருட்டுன பிறகுதான் வீடு. குழு லோன் எடுத்து, தோட்டை அடகு வச்சு பொண்ணுக்கு ஃபீஸ் கட்டுறாங்க. தான் ஏறுற ஜீப்ல தன் பிள்ளை ஏறக்கூடாதுங்கிறது மட்டும்தான் அவங்க கணக்கு. ஏலக்காயைக் கையில உருட்டிப் பாத்தே தரம் சொல்லிடுவாங்க. ஆனா கல்லூரியைத் தரம் பாக்க அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

விக்கிறவனை மட்டும் திட்டினா போதாது. வாங்குறது யாரு? எங்க ஆளுங்கதான், டாக்டருங்கதான். பதிவு பெற்ற நர்ஸுக்குக் கொடுக்கிற சம்பளத்துல ரெண்டு "ஒரு வருஷம்" கிடைச்சா போதும்னு நினைக்கிற ஆஸ்பத்திரிகள் இருக்கிற வரைக்கும் அந்த பிளெக்ஸ் கிழியாது. ராத்திரி டூட்டியில அந்தப் பிள்ளைகிட்ட ஊசி போடச் சொல்றது, ஏதாவது ஆச்சுன்னா "அவங்க நர்ஸே இல்லீங்க"ன்னு கைகழுவறது. இதைச் சொன்னா சில சீனியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

"ஊசி போடத்தானே, அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" இதைப் படிச்சவங்களே கேக்கறாங்க. ஏலமலையிலிருந்தே பதில் சொல்றேன்.

ஏலத்துக்கு அடிக்கிற மருந்துகள்ல சிலது ஆர்கனோபாஸ்பரஸ் வகை. அந்த விஷம் உடம்புல ஏறி வர்றவருக்கு வேர்த்துக் கொட்டும், வாயில எச்சில் வழியும், நுரையீரல் முழுக்கச் சளி கட்டும், கண்மணி ஊசிமுனையாச் சுருங்கிடும். மாற்று மருந்து அட்ரோபின். எவ்வளவு கொடுக்கணும்? இதுக்கு ஒரே அளவு கிடையாது. நெஞ்சுல ஸ்டெத் வச்சு, சளிச்சத்தம் அடங்குதா, நாடி ஏறுதான்னு திரும்பத் திரும்பப் பாத்து ஏத்தணும். குறைஞ்சா நோயாளி சளியிலயே மூழ்கிடுவார். கூடினா காய்ச்சல் ஏறும், புலம்புவார், படுக்கை விரிப்பைப் பிடிச்சு இழுப்பார், ஒண்ணுக்குப் போகாம வயிறு உப்பும். டாக்டர் எழுதிட்டுப் போயிடுவார். ராத்திரி முழுக்க அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாக்கறது நர்ஸ்.

இன்னொண்ணு இருக்கு. இந்த விஷத்துல பிழைச்சுட்டார்னு எல்லாரும் மூச்சு விட்ட பிறகு, ரெண்டாவது நாள், மூணாவது நாள் கழுத்துத் தசை தளரும். அடுத்தது மூச்சுத் தசை. தெரிஞ்ச நர்ஸ் ரவுண்ட்ஸ் வரும்போது "ஐயா, தலையைத் தலையணையிலேருந்து தூக்குங்க பாப்போம்"னு கேப்பாங்க. தூக்க முடியலைன்னா உடனே டாக்டருக்கு ஃபோன். அந்த ஒரு கேள்வியைச் சரியான நேரத்துல கேட்டு உயிர் பிழைச்சவங்க உண்டு. மாடி ரூம்ல பொம்மையை வச்சு இதைக் கத்துக்க முடியாது.

2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. மலையிலிருந்து இறக்கினவங்களை முதல்ல கொண்டுவந்தது போடி அரசு ஆஸ்பத்திரிக்கு. அப்புறம்தான் தேனி, மதுரை. தீக்காயத்துக்கு முதல் நாள் ஏத்த வேண்டிய டிரிப் பாட்டில் எத்தனைங்கிறதுக்கு உடல் எடை, வெந்த சதவீதம் எல்லாம் சேர்ந்த கணக்கு இருக்கு. பாதியை முதல் 8 மணி நேரத்துல ஏத்தணும். அந்த 8 மணி ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. இருட்டுல மலையிறங்கியே பல மணி நேரம் போயிருந்தா சொட்டு வேகம் எவ்வளவு மாறணும்னு யோசிங்க.

சாதாரண நாளைக்கும் வாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல நடுராத்திரி பிரசவம் பாக்கறது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். 2018-20 கணக்குல உயிரோட பிறக்கிற லட்சம் குழந்தைக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. மேடையில மாலை வேற யாருக்கோ விழும். அந்த 54க்குப் பின்னாடி முழிச்சிருந்த கண்ணு நர்ஸோடது.

சம்பளத்தைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன். 2015ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஜெயிச்சு வந்த நர்ஸுகளுக்கு அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்குல உக்காந்து போராடின பிறகுதான் அது ஏறுச்சு. எங்க சர்க்கார் செஞ்சதுங்கறதால அதை நியாயம்னு சொல்ல மாட்டேன். மெட்டு தாண்டினா கேரளா. அங்க 2018ல தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 20,000னு அரசு உத்தரவு போட்டுச்சு. அதுவும் வேலைநிறுத்தம் பண்ணி வாங்கினது. பதிவு இருந்ததால "நாங்க நர்ஸ்"னு சொல்லி ஒண்ணா நிக்க முடிஞ்சது. ஒரு வருஷ சர்டிபிகேட்டோட எந்தச் சங்கத்துல போய் நிப்பீங்க?

அதனால தங்கச்சிங்களா, தம்பிங்களா, நர்சிங் படிங்க. தாராளமா படிங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கல்லூரி பேரு தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. பி.எஸ்சி.ன்னா எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கணும். "உங்க ஆஸ்பத்திரி எங்க, எத்தனை படுக்கை?"ன்னு கேளுங்க. இழுத்தாங்கன்னா எந்திரிச்சு வந்துடுங்க. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வர்ற ஏஜென்ட்கிட்ட கல்லூரி பேரை எழுதி வாங்கி, கர்நாடகா கவுன்சில்ல சரிபாருங்க. அரசு கல்லூரி இடத்துக்கு பிளஸ் 2 மார்க்தான், நீட் இல்ல. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் கேட்டு வாங்குங்க.

ஏற்கெனவே நல்ல கல்லூரியில படிக்கிறவங்களுக்கு: தமிழ் மீடியத்துலேருந்து வந்து முதல் வருஷம் அனாட்டமி புத்தகத்தைப் பாத்து அழறது ரொம்ப சகஜம். ரெண்டாவது வருஷம் அந்த அழுகை இருக்காது. மருந்துக் கணக்கை மட்டும் விடாதீங்க. தினம் நாலு போடுங்க. பொட்டாசியம் குளோரைடை ஏன் நேரா நரம்புல தள்ளக்கூடாதுன்னு மனப்பாடம் பண்ணாம, அது இதயத்தை எப்படி நிறுத்துதுன்னு கேட்டுப் புரிஞ்சுக்கங்க. டாக்டர் எழுதின அளவு தப்பாத் தெரிஞ்சா "சார், இன்னொரு தடவை பாருங்க"ன்னு சொல்லுங்க. முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

பணம் கட்டிச் சேர்ந்துட்டோம், இப்பதான் தெரியுதுன்னு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு: மிச்ச ஃபீஸைக் கட்டாதீங்க. ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேளுங்க. சான்றிதழைப் பிணையாப் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குல சொல்லியிருக்கு. தரலைன்னா தேனி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு நாள். பணம் கட்டின ரசீது, அவங்க கொடுத்த நோட்டீஸ் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. மனு எழுதத் தெரியலைன்னா இங்கேயே மெசேஜ் போடுங்க, எழுதித் தர்றேன்.